ராஜாமணி பெரியம்மாவுக்கு நான் செய்த சேவை

மன்னார்குடியில் ஒரு வருஷம் முதியவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. காரணம் எங்கள் கல்லூரி. இளைஞர் விருதுத் திட்டம் ஒன்றில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். ஊருக்கு ஏதாவது சேவை செய்ய வேண்டும். சொந்தக்காரர் அல்லாத ஒரு முதியவரோடு வாராவாரம் பேசிப் பழக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் வெள்ளிப் பதக்கம். நான் விழித்துக்கொள்வதற்குள் ஊர்க் குளத்தைச் சுற்றிக் குடியிருந்த பெரியவர்கள் எல்லாரும் புக் ஆகிவிட்டார்கள். (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்காக இரண்டு பேர் சண்டையே போட்டார்கள்.)

எனக்கு மிஞ்சியவர் ராஜாமணி பெரியம்மா. ஊருக்கு வெளியே, பஸ் போகும் சாலையோரம் தனியாக இருந்தார். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இப்போது சொந்த வயல் வைத்திருந்தார். "பாட்டி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் கேள்வி கேட்டு அவருடைய அனுபவங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். கேட்டதெல்லாம் அவர்தான்.

"என்னோட பேசுனா உனக்கு என்னா பாப்பா தருவாங்க?"

"வெள்ளிப் பதக்கம், பெரியம்மா."

"நெச வெள்ளியா?"

"இல்ல, பேருதான் வெள்ளி."

"செரி, எனக்கு என்னா தருவாங்க?"

விதிமுறையில் அதற்குப் பதில் இல்லை. நான் ஷார்ஜாவில் வளர்ந்தவள், அத்தா (அப்பாதான்) அங்கே பார்த்த வேலையை விட்டுவிட்டு இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் இன்னும் உற்சாகமாகிவிட்டார். "மழையே இல்லாத ஊர்ல கொடை விப்பாங்களா?" என்று கேட்டார்.

கோடையில் ஒருநாள், குத்தாலத்தில் இருக்கும் பேத்தி பெரியமனுஷி ஆகிவிட்டாள் என்று சொன்னார். "கடை உளுந்துல களி கிண்டக் கூடாதுன்னு எம் மவகிட்ட சொல்லிட்டேன். நம்ம வயல்ல வெளஞ்சதைக் கொண்டாந்து தாறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." நான் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினேன். உளுந்து என்றால் எனக்கு அம்மா இட்லிக்கு ஊறவைக்கும் வெள்ளைப் பருப்பு.

அந்தச் சனிக்கிழமை அவர் பேத்தியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரப் போயிருந்தார். திரும்பி வரும்போது அசந்துபோகட்டும் என்று, கல்லூரித் தோழிகளோடு அவர் வீட்டு வாசலைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் சாலை முழுக்கக் காய்ந்த செடி! பஸ்சும் லாரியும் அதன் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? எனக்குச் சமூக அக்கறை பொங்கிவிட்டது.

செடிகளை வாரி மாடுகளுக்குப் போட்டோம். (வாயில்லா ஜீவன்களுக்கும் சேவை!) அடியில் கறுப்பாக, பொடிப்பொடியாக ஏதோ கிடந்தது. ஏதோ சின்ன ஆட்டின் புழுக்கை என்று முடிவு செய்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வாய்க்காலில் கூட்டித் தள்ளினோம். போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

பெரியம்மா பஸ்சிலிருந்து இறங்கினார். சாலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ரோட்டுல கெடந்த செடி எங்க?"

"மாட்டுக்குப் போட்டுட்டோம், பெரியம்மா!"

"எந்த மாட்டுக்கு?"

"எல்லா மாட்டுக்கும்."

அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். "பஸ்சுங்க ஏறி அடிச்சுக் குடுக்கட்டும்னு காலையில நான் பரப்பிட்டுப் போன உளுந்து பாப்பா அது. புள்ளைக்கு இப்ப நான் என்னத்தக் கொண்டு போவேன்?" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. எல்லாரும் உள்ளே இறங்கி, மண்ணோடு அள்ளிச் சல்லடையில் சலித்தோம். விஷயம் கேள்விப்பட்டு அத்தா கடையிலிருந்து ஒரு மூட்டை கறுப்பு உளுந்தோடு ஓடிவந்தார். "நம்ம கடையில விக்கிற சாமான்டீ இது! புழுக்கைன்னு நெனச்சியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரியம்மா அந்த மூட்டையைத் தொடவில்லை. மண்ணிலிருந்து தேறியது அரை முறம். அதை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்சிலேயே குத்தாலம் போனார். களி கிண்டியாயிற்று; கொஞ்சம் நறநறவென்று இருந்ததாகக் கேள்வி.

பதக்கம் தருவதற்கு முன் ஒரு மேற்பார்வையாளர் அவரை விசாரிக்க வந்தார். போச்சு என்று நின்றேன். "நல்லா சேவை செஞ்சுதுங்க. ரோட்டுல ஒரு மணி கெடையாது" என்றார் பெரியம்மா. வந்தவர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். பதக்கம் கிடைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை. "நஸீமா சேவை செஞ்சிருப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். என் நிக்காஹ்வுக்குப் பெரியம்மா பேத்தியோடு வந்திருந்தார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வதுபோல் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, ஒதவி பண்ணவான்னு இது கேட்டுச்சுன்னா, ஒடனே சரின்னு சொல்லிராதீங்க. மொதல்ல வெளியில காயறதை எல்லாம் உள்ள எடுத்து வச்சிருங்க."