கடப்பாரைக்காரர் அண்டாவுக்குப் பேசிய கதை

சோலைராஜுக்கு இந்தப் பிறவியில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. தேர்தலன்று கழுத்தில் அட்டை தொங்க, வாக்குச்சாவடிக்குள் கடப்பாரைக் கட்சியின் பூத் ஏஜெண்டாக பெஞ்சில் உட்கார வேண்டும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்த மனுஷன். உட்கார ஆசைப்படுவது ஒரு குற்றமா?

குறுக்கே நின்றது சொந்தப் பெண்டாட்டி. பாண்டிசெல்வி அண்டாக் கட்சி.

கடப்பாரையின் வார்டுச் செயலாளர் பீர் மைதீன் கறாராகச் சொல்லிவிட்டார். "மாப்ளே, வீட்டு ஓட்டையே வாங்க முடியாதவன ஏஜெண்டாப் போட்டா, கட்சிக்கே ஓட்டை. விடிஞ்சா தேர்தல். சாயங்காலம் வாரேன். தங்கச்சி மனசு மாறியிருந்தா ஃபாரத்துல ஒம்பேரு."

சோலைராஜ் அசரவில்லை. போன வாரம்தான் மில்லில் அவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பி, 'மாற்றுக் கருத்துக்காரரோடு பேசுவது எப்படி' என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் மூக்காலேயே ஓதிய மந்திரம் இது: "எதிராளி பக்கத்த முதல்ல நீங்க சொல்லணுங்ங்க. 'ஆமா, இதத்தான் சொன்னேன்'னு அவரு தலையாட்டணுங்ங்க. பொறவுதான் உங்க பக்கம். பாறையும் உருகிருங்ங்க!"

பாறை அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. சோலைராஜ் மந்திரத்தை ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார்.

"அப்ப நான் தலையாட்டுற வரைக்கும் ஒங்க கட்சியப் பத்தி மூச்சு விட மாட்டிய?"

"விடக் கூடாதுட்டி. அதான் ரூலு."

"நல்ல ரூலா இருக்கே!" என்று பாண்டிசெல்வி தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தாள். காற்றுக்காக என்றாள். வெளியே குழாயடியில் பத்துப் பதினைந்து குடங்கள், அதே எண்ணிக்கையில் பெண்கள்.

சோலைராஜ் ஆரம்பித்தார். "ஒம் பக்கம் என்னன்னா, அடுத்த வார்டுல அண்டாக் கவுன்சிலரு. நாலு நாளைக்கு ஒருக்கத் தண்ணி. நம்ம வார்டுல கடப்பாரை. பத்து நாளைக்கு ஒருக்க."

"ம்ஹூம். ரேஷன் கடையில பில்லு வாசிக்கிற மாதிரி இருக்கு. நானா இப்படிச் சொன்னேன்?"

சோலைராஜ் எழுந்து நின்றார். கை தானாக உயர்ந்தது. "பத்து நாளு! பத்து நாளு காலிக் கொடத்தோட நிக்கமே, எங்க முட்டி வலிய யாருகிட்டச் சொல்ல!"

வெளியே குடச்சத்தம் நின்றது.

"சுமார். பள்ளத்த விட்டுட்டியளே."

"எந்தப் பள்ளம்?"

"கடப்பாரைக்காரவிய வடிகாலுக்குன்னு தோண்டிட்டு, மூடாமப் போனாவளே, அந்தப் பள்ளம்."

சோலைராஜின் கை வலது முழங்காலுக்குப் போனது. அங்கே அவரது மில்லின் தயாரிப்பே நாலு சுற்று சுற்றியிருந்தது. பைக்குக்குக் குறுக்கே நாய் வந்ததாகத்தான் மூன்று வாரமாக ஊருக்குச் சொல்லி வந்தார்.

"அது... நாயி..."

"தலையாட்ட மாட்டேன்."

மணி ஐந்தே முக்கால். பீர் மைதீன் வரும் நேரம். சோலைராஜ் கண்ணை இறுக மூடி முழங்கினார். "நாயுமில்ல, நரியுமில்ல! எங்கட்சி தோண்டுன பள்ளத்துல நாந்தான் விழுந்தேன்! கடப்பாரைக்குத் தோண்டத் தெரியும், மூடத் தெரியாது!"

ஜன்னலுக்கு வெளியே கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

பாண்டிசெல்வி கம்மல் குலுங்கத் தலையாட்டினாள். "ஆமா, இதத்தான் சொன்னேன். இப்ப ஒங்க பக்கத்தச் சொல்லுங்க."

வெற்றி! சோலைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணைத் திறந்தார். வாசலில், ஃபாரத்தைக் கையில் பிடித்தபடி பீர் மைதீன். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாப்ளே. போன மாசம் நானும் அதே பள்ளத்துலதான் விழுந்தேன். வெளிய சொல்லல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாண்டிசெல்வி பக்கம் திரும்பினார். "ஏந் தங்கச்சி, ஒங்க கட்சியில எனக்கு ஏஜெண்டு எடம் எதும் காலியிருக்கா?"

"இல்லண்ணே, நேத்தே நான் கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்கு வீட்ல சோறு பொங்கத்தான் எடம் காலி. அதுக்கும் இவியளப் போட்டுட்டேன்."