பதினான்கு பேரின் நண்டும் எங்கள் வீட்டு விலாசமும்

நான் இணையத்தளம் வடிவமைப்பவள். பெருவிரலுக்கு எட்டாத இடத்தில் யாராவது ஒரு பொத்தானை வைத்துவிட்டால் அரைமணி நேரம் வகுப்பெடுக்கக்கூடியவள். முதன்முதல் நான் செய்த தளத்தை ஒரு கைபேசியில்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதை இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. வீட்டில் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அவர்களுக்கு அது நடந்தே வந்து தெரிந்தது.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. கணினி வகுப்பை முடித்துவிட்டு, மருதனார்மடத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய திரையோடு குடியிருந்தேன். எல்லோர் கையிலும் தொடுதிரைக் கைபேசி வரத் தொடங்கிய காலம் அது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இரண்டு விரலால் படத்தை விரித்துக் காட்டினால், நாங்களும் எட்டிப் பார்ப்போம். இனிமேல் முதலில் கைபேசிக்குத்தான் வடிவமைக்க வேண்டும், கணினிக்கு அதன் பிறகுதான் என்று வகுப்பு ஆசிரியர் படித்துப் படித்துச் சொன்னார். நான் அந்த நேரம் கொப்பியில் ஒரு பூ வரைந்துகொண்டிருந்தேன். (நல்ல பூ. பிறகு அதைத் தளத்தின் தலைப்பில் போட்டேன்.)

முதல் வாடிக்கையாளர் குருநகர் யேசுதாசன் அண்ணை. நண்டு, இறால் வியாபாரம். இணையத்தில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது அவருடைய கனவு. எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. படத்தைத்தானே போடப்போகிறாய் என்று அப்பா பெருந்தன்மையாக அனுமதி தந்தார்.

தளத்தை அகலமாக, கம்பீரமாகச் செய்தேன். இடப்பக்கம் பெயர், தொலைபேசி எண், எத்தனை கிலோ. வலப்பக்கம் விலாசத்துக்கு ஒரு பெரிய பெட்டி. சோதித்துப் பார்ப்பதற்காக அதில் எங்கள் வீட்டு விலாசத்தையே எழுதி, அப்படியே விட்டுவிட்டேன். ஆட்கள் அதை அழித்துவிட்டுத் தங்களுடையதை எழுதுவார்கள்தானே என்று நினைத்தேன். என் பெரிய திரையில் அந்தப் பெட்டி கண் தெரியாதவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குருநகர்த் தேவாலய மண்டபத்தில் வெளியீடு. வெள்ளைச் சுவரில் தளத்தைப் பெரிதாக விழுத்திக் காட்டினேன். கை தட்டினார்கள். பிறகு ஆளாளுக்குக் கைபேசியை எடுத்து, அங்கேயே பதினான்கு பேர் நண்டு கேட்டுப் பதிந்தார்கள். யேசுதாசன் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது.

அடுத்த நாள் கந்தசஷ்டியின் ஆறாம் நாள். ஆறு நாளாகப் பாலும் இளநீருமாக இருந்த அப்பா, திருநீறு பூசிக்கொண்டு விறாந்தையில் சாய்ந்திருந்தார். அம்மா வீட்டைக் கழுவி முடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டோ வந்து நின்றது. யேசுதாசன் அண்ணை இயந்திரம் வாங்க மன்னாருக்குப் போயிருந்தார். போகுமுன் தன் ஓட்டோக்காரர் செல்வத்திடம் தளத்தில் வந்த பதிவுகளை அச்செடுத்துக் கொடுத்து, கடுதாசியில் இருக்கிறபடி செய், மூளையைப் பாவிக்காதே என்று சொல்லியிருக்கிறார். செல்வம் பாவிக்கவில்லை. ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி விறாந்தையில் அடுக்கிவிட்டு, "பதினாலு பேருக்கும் நண்டு கொண்டந்திருக்கிறன் ஐயா" என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சாக்குகளை எண்ணினார். "இங்கை நாங்கள் மூண்டு பேர்தான் தம்பி."

செல்வம் கடுதாசியைப் பார்த்து யோசப்பீன், அந்தோனிப்பிள்ளை, மரியதாஸ் என்று பெயர்களை வாசித்துவிட்டு, "எல்லாரும் இந்த வீட்டிலைதான் இருக்கினம் எண்டு கொம்பியூட்டர் சொல்லுது" என்றார்.

அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாக்கின் கட்டு அவிழ்ந்தது. நண்டுகளுக்கு அவசரமே இல்லை. கழுவிய நிலத்தில் பக்கவாட்டாக நடந்து, ஒன்று செருப்புத் தட்டுக்குக் கீழே போனது, ஒன்று என் அறைக்குள் வந்தது. இன்னொன்று நேராகச் சாமியறைப் பக்கம் போனது. வாழ்நாளில் நண்டு என்ற சொல்லையே வாயால் சொல்லாத அம்மா, தும்புத்தடியோடு அதன் பின்னால் போனாள். "பிள்ளை, உது உள்ளுக்குப் போகுது, வந்து பார்" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் கதிரைக்கு மேல் ஏறி நின்றேன். (ஒரு நண்டை நேரில் பார்த்தது அன்றுதான். படத்தில் அழகாக இருந்தது.)

பிடிபட்டவற்றைத் திரும்பக் கட்டி, நானும் ஓட்டோவில் ஏறினேன். குருநகரில் பதினான்கு குடும்பங்கள் மத்தியானக் கறிக்குக் காத்திருந்தன. அத்தனை பேருக்கு முன்னால் யேசுதாசன் அண்ணையின் மானத்தை வாங்கிவிட்டேன் என்ற நினைப்பில், வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன். முதல் வீட்டில் யோசப்பீன் அக்கா என்னை ஏசவில்லை. தன் கைபேசியை என் கையில் தந்தாள்.

"நீரே ஒருக்கா எழுதிப் பாரும் பிள்ளை. என்ரை விலாசம் எழுத இடம் எங்கை?"

பார்த்தேன். உள்ளங்கை அகலத் திரையில் பக்கத்தின் இடப்பாதி மட்டுமே இருந்தது. பெயர், எண், கிலோ, கீழே பொத்தான். விலாசப் பெட்டி திரைக்கு வெளியே எங்கோ ஆகாயத்தில் கிடந்தது. அதற்குள் எங்கள் வீட்டு விலாசம் பத்திரமாக இருந்தது. ஒருவரும் கண்டிருக்க முடியாது. வடிவமைப்பைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அந்த வாசலில்தான், மீன் மணக்கும் கையோடு.

மன்னாருக்கு அழைத்து யேசுதாசன் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி பிள்ளை, அழாதேயும். அப்பா விரதம் முறிக்காமல் இருக்கிறாரோ?" என்று மட்டும் கேட்டார்.

முறிக்கவில்லை. அடுத்த நாள் காலை பாறணைச் சோறு சாப்பிட்டு விரதத்தை முடித்த பிறகு, பூச்சாடிக்குப் பின்னால் ஒரு நண்டு உயிரோடு இருப்பதைக் கண்டார். திருப்பிக் கொடுத்தால் சட்டிக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். என்னிடமும் சொல்லாமல், அதை ஒரு வாளியில் வைத்துச் சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போய், கடலில் விட்டுவிட்டு வந்தார். கேட்டபோது, "உதுக்கும் ஒரு விலாசம் இருக்குத்தானே" என்றார்.

அந்தத் தளத்தை ஒரு கிழமைக்குள் முழுதாகத் திருத்திக் கொடுத்தேன். யேசுதாசன் அண்ணை இன்றும் என் வாடிக்கையாளர். இப்போது புதுப் பக்கம் ஒன்று செய்தால், கடையில் கிடைக்கும் மிகச் சின்னக் கைபேசியில்தான் முதலில் திறந்து பார்ப்பேன். போன மாதம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெரிய வேலை கிடைத்தது. ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா எப்போதும் கேட்பதைத்தான் அப்போதும் கேட்டாள்.

"உவை விக்கிறது நடக்கிற சாமானோ, நடக்காத சாமானோ?"