தொக்கம் விழுந்த இடம்

ஜோகூர்ப் பக்கம் பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களில் யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் காளியப்ப சாமிதான் வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷத்தில் அவருக்கு அப்படியொரு கிராக்கி! பொந்தியானிலிருந்து லாரி ஏறி வந்தார்கள். கெலாங் பாத்தாவிலிருந்து நடந்தே வந்தார்கள். தொண்டையில் சிக்கிய பழைய கறியை, கழுத்தில் மூங்கில் குழல் வைத்து, உறிஞ்சியே எடுத்துவிடுவாராம். அதற்குப் பெயர் தொக்கம் எடுப்பது, தடவைக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். கழுத்தில் ஓட்டை எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குத்தமாம்!

பேச்சியம்மாளும் அங்கேதான் போனாள். அன்னாசி வெட்டுகிறவள், புகையிலை வெற்றிலை இல்லாமல் அரை மணி நேரம் இருக்கமாட்டாள். உள்நாக்குப் பக்கத்துச் சதையில் அவளுக்கு ஒரு வெள்ளைப் படை. முதலில் தோட்டத்து மருந்துக்காரர், டிரெஸ்ஸர் ஜெயபாலன்தான் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லிங்க ஐயா."

"வலிக்காததுதான் வம்பு. துடைச்சாலும் போகல. இப்படியே விட்டா புத்துநோயா மாறலாம். புகையிலைய நிறுத்துங்க. ஜோகூர் பாரு ஆஸ்பத்திரில துளி சதை வெட்டிச் சோதிக்கணும்."

"வெட்டறதா? அலமாக்!" என்று ஓடியவள் சாமியின் பந்தலில் போய் நின்றாள்.

"தொக்கம்தான். ஏழு வாரம் எடுக்கணும். அது இளகணும்னா புகையிலைய இன்னும் கூடப் போடு" என்றார் சாமி. என்ன வைத்தியம், என்ன வைத்தியம்! எரிகிற அடுப்பை மண்ணெண்ணெய் ஊற்றி அணைக்கிற வைத்தியம்.

வாராவாரம் தட்டில் ஆட்டுக்கொழுப்பு விழுந்தது.

"நான் கறி தின்னதே தீவாளிக்குத்தான் நானா, இன்னும் வருது பாருங்க" என்று எதிர்த் தேத்தண்ணிக்கடை ருக்னுதீன் நானாவிடம் பெருமையாகச் சொன்னாள். ருக்னுதீன் தாடியைச் சொறிந்தார். ஞாயிறு தவறாமல் சாமி அவர் கடையில், குழம்புக்கு வந்த ஆட்டுக்கறியிலிருந்து, இரண்டு துண்டு கொழுப்பு வாங்குவார், விளக்குக்காம். நாள் பூராவும் வாய் ஓயாத மனிதர், நோயாளி உட்கார்ந்ததும் மௌனமாகிவிடுவார்.

ஆறாம் ஞாயிறு. பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். சாமி திரைக்குப் பின்னால் போய்க் கும்பிட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்தார். ருக்னுதீன் பந்தலுக்குள் வந்து சூடாக ஒரு கிளாஸ் தேத்தண்ணியை நீட்டினார்.

"ஒரு வாய் குடிச்சிட்டு எடுங்க சாமி."

சாமி தலையை ஆட்டினார்.

"வேணாம்னா வாயத் தொறந்து சொல்லுங்களேன் லா."

"ம்ம்... ம்ம்!"

"சரி, வாய மட்டும் தொறந்து காட்டுங்க."

"காட்டுங்க சாமி, அவரு மூஞ்சில கரியப் பூசுங்க!" என்று பக்தர்களே கத்தினார்கள். பாவம், அவ்வளவு நம்பிக்கை! சாமியின் கண் பிதுங்கியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஆவென்று திறந்தார். வாய் காலி.

"இப்ப எடுங்க."

உறிஞ்சினார். உறிஞ்சினார். முகம் சிவந்ததுதான் மிச்சம், தட்டில் எச்சில்தான் விழுந்தது.

"எப்படி விழும்? ஒரு துண்டு இப்பத்தான் அவரு வயித்துக்குள்ள போச்சு. இன்னொன்னு இங்க இருக்கு" என்று ருக்னுதீன் திரையை விலக்கினார். வாழையிலையில் கொழுப்பு பளபளத்தது.

கூட்டம் சாமியைப் பிடித்துக்கொண்டது. பேச்சியம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்ப என் தொண்டை, நானா?"

டிரெஸ்ஸர் மறுபடி டார்ச் அடித்தார். படை அகலமாகியிருந்தது. அவள் ஓவென்று அழுதாள், மறுநாளே ஜோகூர் பாருவுக்கு லாரி ஏறினாள். துளி சதையைச் சோதித்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, ஆகிற வழியில் இருக்கிறது என்றார்கள். படையை வெட்டி எடுத்தார்கள். மூன்று மாதத்துக்கொரு தடவை வந்து காட்டச் சொன்னார்கள். காட்டுகிறாள். புகையிலையைத் தொடுவதில்லை.

காளியப்ப சாமி இப்போது வேறு ஊரில் உறிஞ்சுகிறாராம். அங்கேயும் கூட்டமாம். ஐயாமார்களே, அம்மாமார்களே! டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். சாமியிடம் வாயைத் திறந்து கேளுங்கள்.