என் வரியை நானே ஏற்றிக்கொண்டேன்

என் மனைவி தோர்டிஸுக்குத் தெரியாமல் என் துடுப்புப் படகுக்கு ஒரு எஞ்சின் வாங்குவது என்று போன வருஷம் ஜனவரியில் தீர்மானித்தேன். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் நான் தனியாக எடுத்த முதல் தீர்மானம்.

திட்டம் சுலபம். எங்கள் நார்வேயில் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்று வரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரி குறையும். நான் வலைத்தளத்தில் நுழைந்து என் பங்கு வட்டியை அழித்துவிட்டேன். பிடித்தம் ஏறியது, கைக்கு வருவது குறைந்தது. கூடுதலாகப் பிடித்ததெல்லாம் அடுத்த வருஷம் ஜூனில் மொத்தமாக என் கணக்குக்குத் திரும்பிவிடும். அரசாங்கமே எனக்கு உண்டியல்.

சம்பளச் சீட்டைத் தோர்டிஸிடம் நீட்டினேன்.

"என்ன ஆஸ்முண்ட், சம்பளம் ஏத்தினாங்கன்னு சொன்னே. குறைஞ்சில்ல இருக்கு?"

"வரி ஏறிடுச்சும்மா. என்ன பண்றது."

"எல்லாருக்குமா?"

"எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

"பாவம் நீ," என்று சொல்லி, என் ரொட்டியிலிருந்து ஒரு சீவல் பாலாடைக்கட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

எங்கள் நாட்டில் யார் வேண்டுமானாலும் யாருடைய வருமானத்தையும் வரியையும் தேடிப் பார்க்கலாம். ஆனால் தேடியது யார் என்பது நமக்குத் தெரிந்துவிடும். முந்தின வருஷம் நான் கட்டிய வரியைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டால், இவ்வளவு ஏற வழியே இல்லை என்று என் குட்டு உடையும். அதனால் தினமும் காப்பிக்கு முன்னால் என்னைத் தேடியவர்கள் பட்டியலைப் பார்த்துவிடுவேன். டிசம்பரில் ஒரே ஒரு பெயர் வந்தது. தோர்டிஸ். அவளோ பக்கத்து அறையில் நிம்மதியாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாஃபிள் சுட்டு, ஒளித்து வைத்திருந்த ஜாமையும் எடுத்து வைத்தாள்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு. இளைச்சுப் போயிட்டே."

அதன் பிறகு நான்கு மாதம், நான் வேலை பார்க்கும் மீன் தொழிற்சாலையில் பெட்டிகளை எண்ணும்போது கணக்கு தப்பியது.

ஏப்ரலில் வருமான வரிப் படிவம் வந்தது.

"ரெண்டு பேரோடதையும் நானே பாத்துடறேன். உன் போனைக் குடு," என்றாள்.

"உனக்கெதுக்குச் சிரமம்..."

"ஏன், பாக்கக் கூடாதா?"

கொடுத்துவிட்டேன். இரண்டு போனிலும் என்னமோ மாற்றினாள். "இதை அழுத்து," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். திட்டு விழவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஜூன் வந்தது. எனக்குத் திரும்பி வந்த தொகை: பூஜ்யம். பத்து முறை பார்த்தேன். பூஜ்யம்தான். தோர்டிஸோ தனக்குத் திரும்பி வந்த வரிப் பணத்தில் ஸ்பெயினுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மட்டும் எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"கடன் ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு? வட்டியை யார் வேணா காட்டிக்கலாம். முழுசையும் என் பேர்ல போட்டுட்டேன்."

"ஏன்?"

"வரி ஏறிடுச்சுன்னு நீ சொன்னே. ஏறலைன்னு ஆயிட்டா நீ பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே. எனக்கு மனசு வரல."

நான் ஜன்னல் வழியாகப் படகைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"வர்றப்போ துடுப்புக்கு நல்ல கையுறை வாங்கிட்டு வரேன்," என்றாள்.