சொத்தைக் கத்தரிக்காய்

"படம் ரொம்ப அழகா இருக்கு. அதான் பிரச்சினை" என்றார் ஆசிரியர்.

பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் அக்கா கணினியைப் பார்த்தாள். இணையத்திலிருந்து எடுத்த கத்தரிக்காய், மேக்கப் போட்ட கல்யாணப் பெண் மாதிரி மினுமினுத்தது.

"சுற்றுச்சூழலுக்கும் சாப்பாட்டுக்கும் பத்திரிகை ஆரம்பிக்கிறோம். பேரே 'பச்சை உண்மை'. அட்டையில இருக்கிற காய் மருந்தடிக்காததுன்னு எப்படித் தெரியும்? சொத்தை வேணும்மா, சொத்தை! புழு தின்ன காயைத்தான் மனுஷன் நம்பித் தின்ன முடியும்."

மூன்று மணிக்கு முதலாளி வருகிறார். அட்டை பிடிக்காவிட்டால் முதல் இதழுக்கு முன்பே பத்திரிகையை மூட்டை கட்டிவிடுவார். பிறகு அக்கா பழையபடி விசிட்டிங் கார்டு வடிவமைக்கப் போகவேண்டியதுதான். ஏழு வருஷம் அதைச் செய்தவள். கார்டுக்குக் கார்டு அடித்த 'உரிமையாளர்' என்ற வார்த்தையைக் கேட்டாலே இன்னும் காதைப் பொத்திக்கொள்வாள்.

கீழே காய்கறிக் கடைக்கு ஓடினாள்.

"அம்மா, நல்ல சொத்தையா ஒரு கத்தரிக்காய் குடுங்க."

கடைக்கார அம்மா தராசைக் கீழே வைத்தார். "என்ன கேட்டே?"

"சொத்தை. ஓட்டை பெரிசா இருந்தா இன்னும் நல்லது."

"இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். என் கடையில சொத்தையா? வாயைக் கழுவு! வியாபார நேரத்துல பேச்சைப் பாரு!"

வரிசையில் நின்ற ஒருவர், பொறுக்கிய வெண்டைக்காயைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்தார். அக்காவுக்கு மானம் போயிற்று. முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு கத்தரிக்காயை எடுத்தாள், காசை வைத்தாள், ஓடியே வந்துவிட்டாள்.

'நாமளே ஓட்டை போட்டாப் போச்சு' என்று ஹேர்பின்னால் குத்தினாள். ஹேர்பின் வளைந்தது. காம்பஸால் குத்தினாள். முனை ஒடிந்தது. கடைசியில் ஸ்க்ரூடிரைவரை டீ அடுப்பில் காய்ச்சிக் குத்த, ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், அறையே இருமியது.

"எவ்வளவு மருந்து அடிச்சிருக்கான் படுபாவி!" என்றாள் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "ஓட்டை சரி. புழு எங்கே?"

நல்ல நாளிலேயே அக்காவுக்குப் புழு என்றால் அலறல். வேறு வழியில்லாமல், தங்கச்சி ஆசையாக வாங்கிக் கொடுத்த பச்சை இயர்போன் வயரில் இரண்டு அங்குலம் வெட்டி ஓட்டையில் செருகினாள். அட்டைக்குப் படம் எடுத்துப் பார்த்தால் அது நெளிவது போலவே இருந்தது. வயர் போன துக்கத்தில்கூட அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலாளி வந்தார். அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் காய் இப்ப எங்கே?"

செத்தோம் என்று நினைத்தவள், புழுவை மட்டும் உருவி ஒளித்துவிட்டுக் காயை நீட்டினாள்.

முதலாளி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "பஞ்சு மாதிரி இருக்கே! ரசாயன உரம் போட்டா இந்த லேசு வருமா?" பிறகு மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "மண் வாசனை!"

ஆசிரியரும் அவசரமாக மோந்தார். "ஆமாங்க! லேசா புகை கலந்த மண் வாசனை!"

"அட்டை இதுதான். பத்திரிகை மாசம் தவறாம வரட்டும். இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், சமைக்கச் சொல்லணும்."

ஆசிரியர் ஒரு கேரி பேக்கை நீட்டினார். முதலாளி முறைத்தார். "பிளாஸ்டிக்கா? இதுக்கா?" காம்பு மட்டும் வெளியே தெரிய, அதைத் தன் கைக்குட்டையில் பக்குவமாகச் சுற்றிக்கொண்டார்.

அக்காவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இனி ஜென்மத்துக்கும் விசிட்டிங் கார்டு இல்லை!

அப்போது கதவு திறந்தது. மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு கடைக்கார அம்மா நின்றார். கையில் ஒரு கத்தரிக்காய்.

"இங்கதான் இருக்கியா? இந்தா, நீ கேட்ட சொத்தை. மூட்டையைக் கொட்டித் தேடினேன். அந்த ஐயா கையில இருக்கறதை வாங்கிக் குடு தாயே, அது கடைக்கு முன்னாடி அழகுக்கு வச்ச பிளாஸ்டிக் காய்!"