இருமுவோருக்கு ஜன்னலோரம்

காசநோயை ஒழிக்கப் பேருந்து ஊழியர்களின் பொன்னான ஒத்துழைப்பைப் பெறுவது என்று மேலிடம் தீர்மானித்தது. தீர்மானித்தபோது பேருந்து ஊழியர்கள் யாரும் பக்கத்தில் இல்லாததால் எதிர்ப்பு எழவில்லை. பணிமனையில் அரைநாள் பயிற்சி நடந்தது. முடிவில், குரல் பெரிது என்ற ஒரே தகுதியால், நம் நடத்துநர் தூதராக நியமிக்கப்பட்டார். தூதர் என்றால் வெளிநாட்டில் காரில் போகிறவர் என்றுதான் அதுவரை அவர் நினைத்திருந்தார். பேருந்தில் நின்றுகொண்டே போகிற தூதரும் உண்டு என்று தெரிந்ததும் நெஞ்சு நிமிர்ந்தது.

பணியில் அவர் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசிலுக்கு முன்னால் ஒரு முழக்கம்: "ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? சளியைப் பரிசோதனைக்குக் குடுங்க. மாத்திரையைப் பாதியில விடாதீங்க, முழுசா குணமாயிடும்." தூங்குகிறவரையும் எழுப்பிச் சொன்னார். இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டவர்கள்கூட விழிப்புணர்வோடுதான் தவறவிட்டார்கள்.

காற்றோட்டம் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கூடவே, "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்ற சுவரொட்டிகளும் வந்தன. ஒட்ட வேறு இடம் இல்லாததால் ஜன்னல்கள் மேலேயே ஒட்டினார்கள். பசை நல்ல பசை. அதன்பிறகு பாதி ஜன்னல்கள் திறக்கவில்லை. திறக்கிற ஜன்னலுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டபடியால், இருமுவோருக்கே ஜன்னலோரம் என்று கிளை மேலாளர் அடுத்த ஆணையைப் பிறப்பித்தார்.

அன்றைக்கே ஊருக்கு இருமல் வந்தது. அதுவரை ஆரோக்கியமாக நின்றுகொண்டு வந்தவர்கள் படியில் கால் வைக்கும்போதே இருமினார்கள். உட்கார இடம் கிடைத்ததும் குணமானார்கள். தொண்டையைச் செருமிய ஒருவரைப் பார்த்து, "இது இருமலே இல்ல, வெறும் கனைப்பு" என்று பக்கத்தில் நின்றவர் ஆட்சேபித்தார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் தூதர் தலையில் விழுந்தது. இருமலின் தரம் பார்த்து இடம் ஒதுக்குவதில் அவர் சீக்கிரமே தேர்ந்துவிட்டார். மேலாளர் ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டுப் பூரித்துப் போனார். மக்கள் மறைக்காமல் இருமத் தொடங்கிவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்.

இந்த அமளியில் நடத்துநருக்கும் இருமல் வந்தது. அது யார் காதிலும் விழவில்லை. பல வருஷக் கூட்டாளியான ஓட்டுநர் மட்டும், திரும்பிப் பார்க்காமலே, "என்ன, உனக்கும் சீட்டு வேணுமா?" என்று கேட்டார்.

தூதருக்கு இருமல் வரலாமா? வரக்கூடாது. ஆகவே அது இருமல் இல்லை, சாலைத் தூசி என்று அவர் முடிவு செய்தார். சாயங்காலம் உடம்பு கதகதவென்றிருந்தது. அது உழைப்பின் சூடு. பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியபோது, தொப்பை கரைகிறது என்று மகிழ்ந்தார். இரண்டு வாரக் கெடு ஒன்று இருந்ததே, அதற்கும் வழி கண்டுபிடித்தார். நடுவில் ஒரு பொழுது இருமாமல் இருந்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இப்படி எண்ணினால் எவனுக்கும் எந்தக் காலத்திலும் இரண்டு வாரம் முடியாது. சொந்த உடம்பு விஷயத்தில் நாமெல்லாம் கணக்கில் புலிகள்.

உண்மையில் அவருக்குப் பயம். வேலை போய்விடுமோ, கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்களோ என்ற பயம். முழுசாகக் குணமாகும் என்று ஊருக்கெல்லாம் கத்தியது அவர் வாய்தான். காதுதான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் மனைவி சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் காலை அவருடைய பேருந்திலேயே ஏறி, முறைப்படி டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.

"கண்டக்டர், ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரர் மாசக்கணக்கா இருமுறார். சாயங்காலம் காய்ச்சல் அடிக்குது. ஆளும் இளைச்சுட்டார். என்ன செய்யணும்?"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. நடத்துநருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் பழக்கதோஷம், கேள்வி காதில் விழுந்ததும் தூதரின் குரல் தானாகக் கிளம்பியது.

"உடனே சளிப் பரிசோதனை செய்யணும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. தள்ளிப் போடக்கூடாது."

"கேக்க மாட்டேங்கிறாரே."

"கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போங்க."

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தாள். டிக்கெட் கொடுக்க ஆளில்லாமல் வண்டி அங்கேயே நின்றுபோனதால் பயணிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நோயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நேரமாகிறது என்றுதான் சொன்னார்கள்.

காசநோயேதான். மாத்திரை தொடங்கி, விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். மனைவியும் பரிசோதனை செய்துகொண்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. பழையபடி அவரோடு உட்கார்ந்தே சாப்பிட்டாள். வேலையும் போகவில்லை. இனி உங்களால் யாருக்கும் பரவாது என்று மருத்துவர் சொன்ன பிறகு பணிக்குத் திரும்பினார்.

திரும்பிய அன்று வண்டி நிறைய இருமல். அவர் நடுவில் வந்து நின்று, முதல்முறையாகச் சின்னக் குரலில் பேசினார்.

"எனக்குக் காசநோய். மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன், இப்ப என்னால யாருக்கும் ஒட்டாது. ஆனா முன்னாடி மறைச்சு வெச்சுட்டு உங்ககூட வந்துட்டேன், தப்புதான். தினமும் என்கூட வர்றவங்க எல்லாரும் பரிசோதனை பண்ணிக்குங்க. இருமல் இருக்கிறவங்க முதல்ல போங்க."

இருமல் நின்றது. நடித்தவர்கள் நிறுத்தினார்கள், நடிக்காதவர்களும் நிறுத்தினார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் அவசரமாக எழுந்து, நீங்க உக்காருங்க என்று ஒருவரையொருவர் உபசரித்தார்கள். சிலருக்கு முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்தது. அருகில் போய்க் கேட்டால் புரை ஏறிவிட்டது என்றார்கள். எதையும் சாப்பிடாமலே புரை ஏறியிருந்தது.

மேலாளர் அன்றுதான் சோதனைக்கு ஏறினார். பின் இருக்கைவரை போய்க் காது கொடுத்துக் கேட்டார். ஓர் இருமல்கூட இல்லை. இத்தடத்தில் காசநோய் அடியோடு ஒழிக்கப்பட்டது என்று அங்கேயே அறிவித்து, இனித் தேவையில்லை என்பதால் தூதர் பதவியையும் ஒழித்துவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியான நடையில் வண்டி காலி. நடத்துநர் முன்னால் போய் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு லீவு போடு. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்."

"எனக்கு என்னய்யா கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநரின் முதுகு குலுங்கியது. குலுங்கியதும் ஹாரனை நீளமாக அழுத்தினார். நடத்துநருக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. எதிரே சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஓட்டுநர் பணிமனை வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.