நேவோஸுக்காக ஒரு ஜெபம்

நான் அதிகம் பேசுகிற ஆளில்லை. ஒரே ஒரு நாள் நீளமாகப் பேசினேன். அன்றைக்கு என் மகளுக்கு வந்த சம்பந்தம் போயிற்று.

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். மனைவி இறந்தபின் வீட்டில் நான் மட்டும். மகள் ஜெர்மனியில் மொழி ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள்.

"சாப்பிட்டியளாப்பா?"

"சாப்பிட்டேன்."

"மழையா?"

"மழைதான்."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். (இரண்டு பேருக்கும் அவள் அம்மா வழியாகப் பேசித்தான் பழக்கம்.)

பேச்சை நீட்ட ஒரு நாள் அவள் படிப்பைப் பற்றிக் கேட்டேன். 'புதிய' என்று பொருள் வரும் ஒரே ஒரு சொல்லை ஆராய்கிறாளாம். சமஸ்கிருதத்தில் நவ, லத்தீனில் நோவுஸ், பாரசீகத்தில் நவ், இங்கிலீஷில் நியூ. எல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். அந்தத் தாய்ச்சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளை ஒப்பிட்டு, 'நேவோஸ்' என்று இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். கண்ணால் கண்டதில்லை என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்களாம்.

"பிள்ளையளுக்க மொகத்தப் பாத்து தாய்க்க மொகத்த வரையது மாதிரிப்பா."

அது எனக்கு உடனே விளங்கியது. அவள் முகம் அப்படியே அவள் அம்மா.

அன்று போனை வைக்க வெகுநேரமானது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதையே கேட்டேன். மனப்பாடமாகிவிட்டது.

அவள் லீவில் வந்தபோது மார்த்தாண்டத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு ஊரிலேயே வேலை. பஸ் ஏறினால் மகள் வீடு. எனக்கு அது போதும். அவளும் "பாக்கலாம்ப்பா" என்றிருந்தாள். பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்பார்களே என்று, பதிலை ரப்பர் மரங்களிடம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் பையனின் அப்பா சொன்னார். "அண்ணே, மொதல்ல ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க. பெறவு பேசுவோம்."

எங்கள் வீட்டில் ஜெபம் மனைவியின் பொறுப்பு. கண்ணை மூடினேன். ஒரு ஜெபமும் வரவில்லை. மனப்பாடம் செய்ததுதான் வந்தது.

"ஆண்டவரே, நேவோஸுக்காக ஸ்தோத்திரம். அத நாங்க ஒருத்தரும் கண்டதில்ல. நீரு கண்டிருப்பீரு. அதுக்க பிள்ள நவவுக்காக ஸ்தோத்திரம். லத்தீன்ல இருக்கிய நோவுஸுக்காகவும் ஸ்தோத்திரம்..."

எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் என்னைத் தடுக்க வழியில்லை. பையனின் அப்பா "ஆமென்" என்றார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துப் பாரசீகத்துக்குப் போனேன். மறுபடி, சத்தமாக, "ஆமென்." நட்சத்திரத்தை விளக்கினேன்.

கண்ணைத் திறந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. பையனின் அம்மா முந்திரிக்கொத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆருண்ணே இந்த நேவோஸு? நம்ம சபையா?" என்றார் பையனின் அப்பா.

போன் பண்ணுகிறோம் என்று எழுந்தார்கள். பண்ணவில்லை.

மகள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "எப்பா, எங்க புரொபசரே இவ்வளவு நேரம் பேசமாட்டாரு." அடுத்த வாரம் விமானம் ஏறினாள். மீதி முந்திரிக்கொத்தை நானே தின்று தீர்த்தேன்.

இப்போதும் ஞாயிறு போன் வரும். சாப்பாடு, மழை எல்லாம் முடிந்து பேச்சு தீர்கிற இடத்தில் கேட்பாள்.

"எப்பா, ஆமென் சொல்லட்டா?"

"இன்னும் பாரசீகம் வரல்ல மக்ளே" என்பேன்.